காலியாக விடப்பட்ட ஒரு கட்டம்: நீர்ச்சேத வேலையில் ஒரு ஃபிரான்சைஸ் கிளை கண்ட நட்டம்

பின்னணி

ஒரு தலைமை நிறுவனத்தின் பெயரில் தனி உரிமையாளர் நடத்தும் இந்தக் கிளை திறந்து 14 மாதம் ஆகியிருந்தது. தரைவிரிப்பு, சோபா, மெத்தை சுத்தம் செய்வது அன்றாட வேலை. தண்ணீர் புகுந்த வீடுகளையும் புகை படிந்த அறைகளையும் சீர்செய்யும் வேலை இடையிடையே வரும். எண்ணிக்கையில் நான்கில் மூன்று பங்கு சுத்தம் செய்யும் வேலைதான். பில் தொகையில் பாதி சேதச் சீரமைப்பிலிருந்து வந்தது.

நான்கு டெக்னீஷியன்கள், அலுவலகத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர், இரண்டு வேன்கள். டெக்னீஷியன்களில் இருவர், இந்தத் துறைக்குத் தரநிலையும் சான்றிதழும் வழங்கும் அமைப்பான ஐ.ஐ.சி.ஆர்.சி.யின் நீர்ச்சேதச் சீரமைப்புச் சான்றிதழ் பெற்றவர்கள். தொடக்கத் தொகுப்பில் வந்த கருவிகளே இன்னும் புழக்கத்தில் இருந்தன: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீராக்கும் டீஹியூமிடிஃபையர் 2 (காற்று ஓரளவு உலர்ந்த பிறகும் நீர் எடுக்கும் எல்.ஜி.ஆர். வகை), நனைந்த பரப்பின் மேல் காற்றடிக்கும் ஏர் மூவர் 12, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் 1, குத்தி அளக்கும் ஈரமானி 2, வெப்பக் கேமரா 1.

ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் இந்த நிகழ்வோடு தொடர்புடையவை. ராயல்டியும் விளம்பர நிதியும் மாதந்தோறும் போட்ட பில்லின் மேல் கணக்கிடப்படும். பணம் வசூலானதா என்பது கணக்கில் வராது. தலைமை நிறுவனத்தின் அழைப்பு மையம் அனுப்பும் வேலையை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் இடத்தில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்தடுத்த அழைப்புகள் பக்கத்து எல்லைக் கிளைக்குப் போகும். மூன்றாவது, அன்றாட ஈரப் பதிவுக்குத் தலைமை நிறுவனம் கொடுத்த படிவம். அதில் ஓர் அறைக்கு மூன்று கட்டங்கள்: தரை, சுவர், கூரை.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பணம் வர இரண்டு மாதம் ஆகும். சம்பளமும் ராயல்டியும் மாத முடிவில் போயாக வேண்டும். இந்த இடைவெளியைச் சமாளிக்கவே கிளை உரிமையாளரின் பாதி நேரம் போய்க்கொண்டிருந்தது.

முதல் நாள்: கண்டவை

இரண்டு மாடி வீடு. ஜிப்சம் பலகைத் தடுப்புகள், மரச் சட்டம், கீழ்க் கூடத்தில் அடுக்குமரத் தரை. மாடியில் துணி துவைக்கும் அறையில் வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸ் இரவில் வெடித்திருந்தது. வீட்டுக்காரர்கள் காலையில் எழுந்துதான் பார்த்தார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடியிருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே 3,600 லிட்டர். அதில் பெரும்பகுதி கூரை வழியாகச் சமையலறைக்குள் இறங்கியிருந்தது.

தண்ணீரை மூடி, சமையலறை மின்சுற்றை அணைத்த பிறகே உள்ளே வேலை தொடங்கியது. கூரை விளக்கின் கூட்டுக்குள் தண்ணீர் நின்றிருந்ததால் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. தேங்கிய நீரை உறிஞ்சவே மூன்று மணி நேரம் ஆனது. அந்த நேரத்தை யாரும் வீண் என்று நினைக்கக் கூடாது. உறிஞ்சியில் சில நிமிடங்களில் வெளியேறும் தண்ணீரை ஆவியாக்கி எடுக்க டீஹியூமிடிஃபையர் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும்.

குடிநீர்க் குழாயிலிருந்து வந்த நீர், ஒரு நாளுக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே ஐ.ஐ.சி.ஆர்.சி.யின் நீர்ச்சேதச் சீரமைப்புத் தரநிலையான எஸ் 500-இன்படி வகை 1, சுத்தமான நீர். கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பதற்கு எழுத்துப் பதிவு இருந்ததால் பலகையை வெட்டத் தடையில்லை.

நனையாத படுக்கையறையில் எடுத்த அளவுகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன: மரம் 9 சதவீதம், ஜிப்சம் 0.5. நனைந்த பகுதியில் மரத்தரை 24, சமையலறைச் சுவரின் அடிப்பகுதி ஈரமானியின் உச்ச அளவைத் தாண்டியது. உலர்ந்ததற்கான இலக்கு மரத்துக்கு 13, அதாவது ஒப்பீட்டு அளவிலிருந்து 4 புள்ளிக்குள். ஜிப்சத்துக்கு 1-க்குக் கீழ்.

முதல் நாள்: எடுத்த முடிவுகள்

தொங்கிக்கொண்டிருந்த கூரைப் பலகையில் 40 சதுர அடி வெட்டி எடுக்கப்பட்டது. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை கழற்றப்பட்டது. நனைந்த பரப்பு தரை, சுவர், கூரை மூன்றையும் சேர்த்து 5-லிருந்து 40 சதவீதத்துக்குள் இருப்பதாகக் கணித்து, மூத்த டெக்னீஷியன் வகுப்பு 2 என்று எழுதினார் (எவ்வளவு ஈரம் ஆவியாக வேண்டும் என்பதை எஸ் 500 இப்படி வகுப்புகளாகப் பிரிக்கிறது).

கருவிக் கணக்கு சரியாகவே போடப்பட்டது. கீழ்த்தளத்தில் பாதித்த தரை 320 சதுர அடி, உயரம் 8 அடி, ஆக 2,560 கன அடி. எல்.ஜி.ஆர். வகைக்கு வகுப்பு 2-இன் காரணி 50. வகுத்தால் 51 பைண்ட், அதாவது நாளுக்கு 24 லிட்டர். கையிலிருந்த ஒவ்வொரு டீஹியூமிடிஃபையரும் 27 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 38 லிட்டர் எடுக்கக்கூடியது. கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று தாராளம். ஏர் மூவர் கணக்கு: அறைக்கு ஒன்று, அதற்கு மேல் நனைந்த தரையில் 50 முதல் 70 சதுர அடிக்கு ஒன்று, நனைந்த கூரைக்கும் மேற்சுவருக்கும் 100 முதல் 150 சதுர அடிக்கு ஒன்று. சமையலறைக்கு 5, கூடத்துக்கு 3, மாடியில் இரண்டு இடங்களுக்கும் 4. மொத்தம் 12. கிளையிடம் இருந்ததே அவ்வளவுதான்.

சிக்கல் சமையலறை அலமாரிகளில். மூன்று வரிசைகள். இரண்டு வரிசைகளின் அடிப்பலகையைக் கழற்றி, ஏர் மூவரின் காற்று உள்ளே போகும்படி வைத்தார்கள். மூன்றாவது, சிங்க் இருக்கும் மூலை. அங்கே இரண்டு அலமாரிகள் செங்கோணத்தில் சேர்வதால் பின்னால் ஒரு குருட்டுப் பொந்து. மேலே ஒட்டிய மேடைக்கல். அடிப்பலகையைக் கழற்றினாலும் காற்று அந்தப் பொந்துக்குப் போகாது. அலமாரியை வெளியே இழுத்தால்தான் உண்டு.

வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "கல்லுல ஒரு கீறல் விழுந்தாலும் யார் சார் பொறுப்பு? வெளிய நல்லாத்தானே இருக்கு" என்றார். டெக்னீஷியன் வற்புறுத்தவில்லை. மூலைச் சுவரில் அளவும் எடுக்கவில்லை. படிவத்தில் சமையலறைக்கு "சுவர்" என்று ஒரே கட்டம்தான். அதில் இடப்பக்கச் சுவரின் அளவை எழுதினார். மூலைக்கென்று தனியாக ஓரத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டார். அந்தக் கோட்டுக்கு "அளக்க முடியவில்லை" என்று பொருளா, "தேவையில்லை" என்று பொருளா என்பது அடுத்த நாள் போனவருக்குத் தெரிய வழியில்லை.

பல அடுக்குகளுக்கு இடையே நீர் சிக்கிக்கொள்ளும் அமைப்புகளையும், நீரை எளிதில் விடாத பொருள்களையும் எஸ் 500 வகுப்பு 4-இல் வைக்கிறது. அந்த மூலையும் அடுக்குமரத் தரையும் அந்த வகுப்பு. மற்ற இடமெல்லாம் வகுப்பு 2 ஆக இருந்தது உண்மைதான். ஒரு வீட்டுக்கு ஒரே வகுப்புதான் எழுத வேண்டும் என்று படிவம் நினைக்க வைத்தது.

இரண்டாம், மூன்றாம் நாள்

கீழ்த்தளக் காற்றின் அளவுகள் அழகாக இறங்கின. முதல் நாள் 26 டிகிரி, 68 சதவீதம்: ஒரு கிலோ உலர்காற்றில் ஏறக்குறைய 14.4 கிராம் நீர். இரண்டாம் நாள் 29 டிகிரி, 48 சதவீதம்: 12 கிராம். மூன்றாம் நாள் 30 டிகிரி, 36 சதவீதம்: 9.5 கிராம். டீஹியூமிடிஃபையரிலிருந்து வெளிவரும் காற்று 7 கிராம், ஆக இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. வடிகுழாயை அளவுக் குடத்தில் விட்டுப் பார்த்ததில் முதல் 24 மணி நேரத்தில் 31 லிட்டர், அடுத்த 24-இல் 17.

இந்த எண்களைப் படிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அறைக் காற்று உலர்ந்திருக்கிறது என்றால் ஆவி வருவது குறைந்துவிட்டது என்றுதான் பொருள். பொருள்கள் காய்ந்ததாலும் ஆவி குறையும். ஈரம் காற்றுப் படாத இடத்தில் அடைபட்டிருப்பதாலும் குறையும். ஈரப்பதமானிக்கு இரண்டும் ஒன்றே. ஈரமானியைப் பொருளில் குத்திப் பார்க்காமல் வித்தியாசம் தெரியாது.

வெப்பக் கேமராவில் மூலை அலமாரியின் முகப்பு மற்ற இடங்களைப் போலவேதான் தெரிந்தது. அதிலும் வியப்பில்லை. கேமரா பார்ப்பது மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே. ஆவியாதல் நடந்தால்தான் பரப்பு குளிர்ந்து கறுப்பாகத் தெரியும். மூடிய அலமாரியின் கதவு குளிர்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்றாம் நாள் மதியம்: கருவிகளை நகர்த்தியது

அழைப்பு மையத்திலிருந்து ஓர் அலுவலகக் கட்டட வேலை வந்தது. வீட்டு வேலையைவிடப் பெரியது; காப்பீட்டுக்குக் காத்திராமல் நிறுவனமே நேரடியாகப் பணம் தரும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கிளை உரிமையாளர் வேலையை ஏற்றார். மாடி உலர்ந்துவிட்டது என்று அளவுகள் சொன்னதால் அங்கிருந்த டீஹியூமிடிஃபையரும் 4 ஏர் மூவரும் போயின. அதில் தவறில்லை. கீழ்த்தளத்திலிருந்தும் 4 ஏர் மூவர் எடுக்கப்பட்டன. எஞ்சிய நான்கும் கூடத்து மரத்தரையின் பக்கம் திருப்பப்பட்டன, ஏனெனில் படிவத்தில் இலக்குக்கு மேல் இருந்த ஒரே எண் அதுதான்: 16.

நான்காம் நாள் மரத்தரை 13 காட்டியது. வடிகுழாயில் அன்று 5 லிட்டர்தான். மூத்த டெக்னீஷியன் இருவரும் அலுவலகக் கட்டடத்தில் இருந்ததால் முடிவு அளவை இளையவர் ஒருவர் எடுத்தார். படிவத்தில் எண்கள் இருந்த இடங்களில் மறுபடி அளந்தார். கோடு இருந்த இடத்தில் கோடு போட்டார். வீட்டுக்காரர் பணி முடிவுச் சான்றில் கையெழுத்திட்டார். மறுநாளே பில் போனது.

பத்தொன்பதாம் நாள்

சிங்க் அலமாரியைத் திறக்கும்போது மண்வாடை அடிக்கிறது என்று வீட்டுக்காரர் அழைத்தார். போனை எடுத்த ஒருங்கிணைப்பாளர் கிருமிநாசினி தெளிக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மூத்த டெக்னீஷியன் அதை நிறுத்தியது நல்லதாயிற்று. தெளித்தால் வாடை சில நாள் அடங்கும். உள்ளே இருக்கும் ஈரமும் பூஞ்சையும் அப்படியே இருக்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் அகற்றுவதுதான் பூஞ்சைச் சீரமைப்புக்கான எஸ் 520 தரநிலையின் அணுகுமுறை.

அலமாரியின் பின்பலகையில் விரல் நுழையும் அளவு துளையிட்டு நீண்ட ஊசிகளால் அளந்தார்கள். ஜிப்சம் உச்ச அளவைத் தாண்டியது. மரச் சட்டம் 23. துளை வழியே விட்ட குழாய்க் கேமராவில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கரும்பச்சைப் படலம். பலகையின் காகித உறை சுவரிலிருந்து உரிந்து, நனைந்த அட்டைபோல மடிந்து கிடந்தது. ஈரமான ஜிப்சம் காகிதத்தில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். இங்கே கிடைத்ததோ இரண்டரை வாரம்.

மறுவேலை

முதலில் அந்த மூலை மட்டும் 0.15 மில்லிமீட்டர் பாலித்தீன் விரிப்பால் கூரை முதல் தரை வரை அடைக்கப்பட்டது. ஹெப்பா இயந்திரம் உள்ளே இருந்து காற்றை இழுத்து வெளியே விட, அடைப்புக்குள் அழுத்தம் 5 பாஸ்கல் குறைவாக வைக்கப்பட்டது. அடைப்பு கட்டும் முன் ஏர் மூவரை இயக்கவே கூடாது. இயக்கினால் ஒரு மூலையில் இருப்பது வீடு முழுக்கப் பரவும். முதல் நாள் வேலைக்கும் பத்தொன்பதாம் நாள் வேலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். முன்பு காற்றடிப்பது மருந்தாக இருந்தது. இப்போது அதுவே கேடு.

பிளம்பர் சிங்க்கைக் கழற்றினார். மேடைக்கல்லின் அடியில் இரண்டு முட்டுகள் கொடுத்து அலமாரிகளை இழுத்தார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வேலைக்கு இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. முதல் நாளே செய்திருந்தாலும் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

பூஞ்சை தெரிந்த எல்லைக்கு மேல் 60 சென்டிமீட்டர் தள்ளிப் பலகை வெட்டப்பட்டு, அடைப்புக்குள்ளேயே பையில் கட்டப்பட்டது. மரச் சட்டத்தை ஹெப்பா வாக்குவத்தால் இழுத்து, சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி வாக்குவம் செய்தார்கள். சட்டம் 23-லிருந்து 12-க்கு இறங்க மூன்று நாள் பிடித்தது. அதன் பிறகு கிளையோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தந்தார். சுத்தம் செய்தவரே சுத்தம் என்று சான்று தருவது எந்தத் தகராறிலும் நிற்காது.

கணக்கு

முதல் பில்லை 100 என்று வைத்தால், ராயல்டியும் விளம்பர நிதியும் 10, கூலி, பொருள், வண்டி, கருவித் தேய்மானம் 52. மிச்சம் 38.

மறுவேலை: கூலி 17, புதிய அலமாரிகளும் பலகையும் 16, வெளி ஆய்வாளர் இருமுறை வந்தது 7, கழிவும் நுகர்பொருளும் 3, வீட்டுக்காரர் சமையலறையைப் பயன்படுத்த முடியாத நாள்களுக்கான ஈடு 3. மொத்தம் 46. வீட்டுக்காரரின் காப்பீட்டு நிறுவனம் இது வேலைக் குறை என்று தர மறுத்தது. கிளையின் பொறுப்புக் காப்பீட்டில் பூஞ்சை விலக்கப்பட்டிருந்தது. பாலிசி எடுக்கும்போது யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. ஆக, இந்த வேலையில் 8 நட்டம். மறுவேலைக்குப் பில் இல்லாததால் அதற்கு ராயல்டி இல்லை. முதலில் கட்டிய ராயல்டியும் திரும்பி வரவில்லை.

அலுவலக வேலையின் பில் 140. அதில் 53 மிஞ்சியது. அந்த வேலையை ஏற்றது சரியான முடிவு என்பதை இந்த எண்ணே சொல்லும்.

முதலில் கண்ட காரணமும் உண்மைக் காரணமும்

கருவிகளை எடுத்ததுதான் வினை என்று கிளையில் எல்லோரும் நம்பினார்கள். தலைமை நிறுவனத்தின் கள ஆலோசகரும் இன்னொரு டீஹியூமிடிஃபையரும் எட்டு ஏர் மூவரும் வாங்கச் சொன்னார். கோப்பை நாள்வாரியாக மறுபடி படித்தபோதுதான் அது பொருந்தவில்லை என்று தெரிந்தது. பன்னிரண்டு ஏர் மூவரும் பத்து நாள் ஓடியிருந்தாலும் அந்தப் பொந்துக்குள் காற்றுப் போயிருக்காது. எடுக்கப்பட்ட கருவி எதுவும் மூலையை உலர்த்திக்கொண்டிருக்கவில்லை.

தவறு முதல் நாள் காலையிலேயே நடந்துவிட்டது: அளக்காத ஓர் இடம் பதிவில் ஈரம் என்று எழுதப்படாமல் போனது. கருவிகளை நகர்த்தியது அதற்கு மேல் ஒரு தீங்கைச் சேர்த்தது. மூத்தவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறிடம் போனதால், அந்தக் கோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஆள் முடிவு நாளில் இல்லை.

வீட்டுக்காரரின் மறுப்பும் வாய்மொழியாகவே போயிற்று. திறக்க வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னதாக எழுத்திலும் இல்லை. ஆகவே பழி முழுக்கக் கிளையின் மேல் விழுந்தது நியாயம்தான்.

மாற்றியவை

கருவி வாங்கவில்லை. வாடகைக்கு விடும் ஒருவரோடு முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு டீஹியூமிடிஃபையரும் எட்டு ஏர் மூவரும் நான்கு நாளுக்கு, மேற்சொன்ன அளவுகோலில், 6 ஆகும். பக்கத்து எல்லைக் கிளையோடு கருவிகளை மாற்றிக்கொள்ளவும் ஒப்பந்தம் அனுமதிக்கிறது, எழுத்தில் தெரிவித்தால் போதும் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பதிவு முறை முழுக்க மாறியது. தலைமை நிறுவனத்தின் படிவத்தை மாற்ற அனுமதி இல்லை. இணைப்புத் தாள் சேர்க்கலாம். அறையின் வரைபடத்தில் ஒவ்வோர் அளவுப் புள்ளிக்கும் எண் இட்டு, அந்த இடத்திலேயே சிறு ஒட்டுத்தாளிலும் அதே எண்ணை ஒட்டுகிறார்கள். யார் போனாலும் அதே புள்ளியில் அளப்பார். கோடு போடத் தடை. அளக்க முடியாத புள்ளிக்கு "ஈரம், திறக்கவில்லை" என்று சிவப்பில் எழுத வேண்டும். சிவப்பு எழுத்து ஒன்று இருந்தாலும் முடிவுச் சான்று அச்சாகாது. வகுப்பும் வீட்டுக்கு ஒன்று என்றில்லாமல் புள்ளிவாரியாக எழுதப்படுகிறது.

கருவியை எடுக்கும் அதிகாரம் கிளை உரிமையாளரிடமிருந்து மூத்த டெக்னீஷியனுக்குப் போனது. பண நெருக்கடி தெரிந்தவர் ஈரமானியைப் படிக்கக் கூடாது என்று உரிமையாளரே சொன்னார். முடிவு அளவை, முதல் நாள் அளந்தவரோ இன்னொரு சான்றிதழ் பெற்றவரோதான் எடுக்க வேண்டும். பத்தாம் நாள் ஈரமானியோடு ஒருமுறை போய்ப் பார்ப்பது எல்லா நீர்ச்சேத வேலைக்கும் சேர்க்கப்பட்டது; அரை மணி நேர வேலை. பூஞ்சைக்கான தனிக் காப்பீடும் எடுக்கப்பட்டது.

மறுப்புப் படிவம் ஒரு பக்கம். திறக்க மறுக்கும் இடம், அங்கே ஈரம் இருக்கக்கூடும் என்பதற்கான காரணம், மூன்று நாளில் என்ன தொடங்கும், பிறகு திறந்தால் என்னென்ன சேர்த்துச் செய்ய வேண்டிவரும் என்று நான்கு வரிகள், கீழே கையெழுத்து. அடுத்த ஆறு மாதத்தில் அது மூன்று முறை நீட்டப்பட்டது. இருவர் படித்துப் பார்த்துவிட்டு, அலமாரியை இழுங்கள் என்று சொன்னார்கள். ஒருவர் கையெழுத்திட்டார், பத்தாம் நாள் அவர் வீட்டில் அந்தப் புள்ளி 19 காட்டியது, அன்றே திறக்கச் சம்மதித்தார்.